திறந்த ஹோலில் தொலைக்காட்சிக்கு எந்த இடம்?

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில், கொக்குவில், திருநெல்வேலிப் பக்கங்களில் இப்போது எழும்பும் வீடுகளில், முன்கதவைத் திறந்ததும் ஹோல், அதன் தொடர்ச்சியாகச் சாப்பாட்டு மேசை, அதற்கப்பால் மேடை கட்டிய குசினி என்று எல்லாம் இடையில் சுவரில்லாமல் ஒரே நீளமாக அமைகின்றன. அறைகளாகப் பிரித்துக் கட்டிய பழைய வீட்டில் தொலைக்காட்சியின் இடம் பெரிய கேள்வியாக இருக்கவில்லை. அன்ரனாவின் வயர் எந்த யன்னலால் உள்ளே வந்ததோ அந்த யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டார்கள், கதிரைகள் அதைச் சுற்றி வந்து சேர்ந்தன. திறந்த ஹோலில் நிலைமை வேறு. அங்கே சுவர் குறைவு, இருக்கிற சுவரிலும் கதவோ யன்னலோ இருக்கும், எங்கே வைத்தாலும் வீடு முழுவதும் அதைப் பார்க்க வேண்டியும் கேட்க வேண்டியும் வரும். ஆகவே வெறுமையாகத் தெரியும் முதற்சுவரில் துளையிட்டு மாட்டிவிடாமல், ஓர் ஒழுங்கில் யோசித்து முடிவெடுப்பது நல்லது. முதலில் ஆட்கள், அடுத்து நடைபாதை, பிறகு வெளிச்சம், அதன் பிறகு தூரமும் உயரமும், கடைசியாகத்தான் சுவர் என்பதே நான் பரிந்துரைக்கும் ஒழுங்கு. வீடு இன்னும் சாந்து பூசாத நிலையில் இருந்தால் இந்த முடிவை அப்போதே எடுத்துவிடுங்கள். பூசி, வர்ணம் அடித்த பிறகு சுவரை வெட்டி வயர் இறக்குவது செலவும் தூசும் நிறைந்த வேலை.

ஆட்கள் என்று சொல்வது, யார் எந்நேரத்தில் எப்படி இருந்து பார்க்கிறார்கள் என்பதை. எங்கள் வீட்டில் அம்மா பின்னேரங்களில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடி நாடகம் பார்ப்பார். பிள்ளைகள் பாய் விரித்துத் தரையில் படுப்பார்கள். இரவுச் செய்தி ஓடும்போது பாதிப் பேர் சாப்பாட்டு மேசையில் இருப்பார்கள். கிரிக்கெட் நடந்தால் செற்றி போதாமல் பிளாஸ்ரிக் கதிரைகள் வரும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், கோயிலுக்குப் போக இயலாத வயதானவர்கள் நேரடி ஒளிபரப்பை விடியற்காலையிலேயே பார்க்கத் தொடங்குவார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினருடன் பெரிய திரையில் முகம் பார்த்துப் பேசும் வழக்கமும் பல வீடுகளில் வந்துவிட்டது. இவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதிக நேரம் பார்ப்பவருடைய இருக்கையே முதன்மையானது. அநேகமான வீடுகளில் அது வீட்டிலேயே வயதில் மூத்தவருடைய இருக்கையாக இருக்கும். வாங்கும் செலவைக் கொடுப்பவர் வேறொருவர் என்பதற்காக அந்த மூத்தவருடைய கழுத்தும் கண்ணும் கணக்கில் வராமற் போகக்கூடாது. சாதாரண தரத்துக்கோ உயர்தரத்துக்கோ படிக்கும் பிள்ளை சாப்பாட்டு மேசையில் புத்தகம் விரிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் கதிரையிலிருந்து திரை தெரியாதபடி வைக்க முடியுமானால், பல வாக்குவாதங்கள் தொடங்காமலே போகும்.

அடுத்து, ஒரு வெண்கட்டியை எடுத்துத் தரையில் நடைபாதைகளைக் கீறுங்கள். முன்கதவிலிருந்து குசினிக்கு, அறைக் கதவுகளிலிருந்து குளியலறைக்கு, சாமியறையிலிருந்து வெளிவிறாந்தைக்கு என்று ஒரு நாளில் ஆட்கள் நடக்கும் வழிகள் எல்லாவற்றையும், ஒவ்வொன்றும் 3 அடி அகலமாக இருக்கும்படி கீறினால், திறந்த ஹோலில் உண்மையில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பது தெரியும். செற்றிக்கும் திரைக்கும் நடுவே ஒரு நடைபாதை குறுக்கிட்டால் அந்த இடத்தைக் கைவிட்டுவிடுவதே சரி. பார்ப்பவர்களுக்கு மறைக்கிறது என்பது ஒரு பக்கம். வீட்டுக்கு வந்த மனிதர் எல்லோருடைய பார்வைக்கும் குறுக்கே கூச்சத்தோடு குனிந்து போக நேர்வது அதைவிட மோசமானது.

எங்கள் ஊர் ஹோலுக்கு இன்னொரு கடமையும் உண்டு, அதை வரைபடம் வரைபவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். சாமத்தியவீடு, கலியாணத்துக்கு முந்திய சடங்குகள், பிள்ளையின் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் பின்னணியாக ஒரு சுவர் வெறுமையாக வேண்டும். வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்தாலும் ஹோலில்தான் கிடத்துவோம். அந்த நாளில் சுவர் முழுவதும் அடைத்து ஆணியடித்த பெரிய தொலைக்காட்சி அலுமாரி, வெள்ளைத் துணியால் மூடினாலும் இடைஞ்சலாகத்தான் நிற்கும். எனவே ஹோலின் மிகப் பெரிய, மிக அழகான சுவரைத் தொலைக்காட்சிக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு இரண்டாம் தரமான சுவர் போதும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நாங்கள் பிழைவிட்டது இதில்தான். முதலில் நாங்கள் திரையை மாட்டிய சுவர் மேற்கு யன்னலுக்கு நேரெதிராக இருந்தது. காலையில் பார்க்க அழகாக இருந்தது. பின்னேரம் மூன்றரை மணிக்குப் பிறகு திரையில் யன்னற் கம்பிகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அம்மா திரைச்சீலையை இழுத்து மூடினார், ஹோலில் காற்று நின்றது, மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றது. ஆறு மாதம் கழித்துக் கழற்றி வேறு சுவருக்கு மாற்றினோம்.

யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் மாதக் கடைசியிலும் மதியச் சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே நிற்கும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மதியச் சூரியன் வடக்குப் பக்கமாகவும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாகவும் சாய்ந்திருக்கும். உச்சி வெயிலைக் கூரைத் தாழ்வாரம் தடுத்துவிடுவதால் வடக்கு, தெற்கு யன்னல்கள் பெரிய தொந்தரவு தருவதில்லை. தாழ்ந்து வரும் காலை, மாலை வெயிலே கிழக்கு, மேற்கு யன்னல்களால் நேராக உள்ளே நுழைகிறது. சூரியன் எப்போதும் சரியான மேற்கில் மறைவதும் இல்லை. ஆனியில் அது மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளியும், மார்கழியில் அதேயளவு தெற்கே தள்ளியும் மறைகிறது. ஆகவே தை மாதத்தில் வீடு குடிபுகுந்து, ஒரு பின்னேரத்தைப் பார்த்துவிட்டு இங்கே வெயில் வராது என்று தீர்மானித்த இடத்தில், வைகாசி பிறந்ததும் வெயில் வந்து விழுவதற்கு இடமுண்டு.

பொதுவான விதி இதுதான்: திரை யன்னலுக்கு எதிரேயும் இருக்கக்கூடாது, யன்னலுக்குப் பக்கத்திலோ இரண்டு யன்னல்களுக்கு நடுவிலோ இருக்கவும் கூடாது. எதிரே இருந்தால் யன்னல் திரையில் தெரியும். நடுவில் இருந்தால் திரையைச் சுற்றி எரியும் வெளிச்சத்தில் கண் கூசிப் படம் மங்கலாகத் தோன்றும். யன்னல் இருக்கும் சுவருக்குச் செங்குத்தாக அமைந்த சுவரே சிறந்தது. திறந்த ஹோலில் யன்னல்கள் மூன்று பக்கமும் இருக்குமாதலால் ஊகிப்பதைவிடச் சோதிப்பது மேல். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் திரை வரப்போகும் இடத்தில் ஒருவர் பிடித்திருக்க, நீங்கள் உங்கள் கதிரையில் இருந்து பாருங்கள். கண்ணாடியில் எந்த வெளிச்சம் தெரிகிறதோ அதுதான் நாளை திரையிலும் தெரியும். காலை ஒன்பது மணி, பின்னேரம் நாலரை மணி, இரவு விளக்குகள் எல்லாம் எரியும் நேரம் என்று மூன்று தடவையாவது இதைச் செய்யுங்கள். இரவுச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். குசினியில் எரியும் ரியூப்லைற்றும், மின்விசிறியின் இறக்கைகளுக்கு மேலே பூட்டிய மின்குமிழால் ஆடும் நிழலும் அப்போதுதான் பிடிபடும்.

அளவும் தூரமும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. திரை நம் பார்வையில் ஏறத்தாழ 30 பாகை அகலத்தை நிரப்பினால் வசதியாகப் பார்க்கலாம் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. திரையின் மூலைவிட்டத்தை 1.6 ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் கிடைக்கும். 43 அங்குலத் திரைக்கு அது ஏறக்குறைய 6 அடி, 50 அங்குலத்துக்கு 7 அடி, 55 அங்குலத்துக்கு ஏழரை அடி, 65 அங்குலத்துக்கு 9 அடி. கேபிளில் சாதாரணத் தெளிவில் வரும் அலைவரிசைகளையே அதிகம் பார்ப்பவர்கள் இதைவிட இரண்டு மூன்று அடி பின்னால் இருப்பது நல்லது, ஏனெனில் கிட்ட இருந்தால் படம் கலங்கித் தெரியும். ஹோல் 28 அடி நீளம் என்பதற்காக மிகப் பெரிய திரை வாங்க வேண்டியதில்லை. கணக்கில் வருவது கதிரைக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரம் மட்டுமே. ஹோலின் நீளம் அல்ல.

உயரத்தில்தான் மிகப் பலர் தவறுகிறார்கள். சுவாமிப் படமோ குடும்பப் புகைப்படமோ மாட்டும் உயரத்தில், ஆறடியில், திரையையும் மாட்டிவிடுகிறார்கள். செற்றியில் இருப்பவரின் கண் தரையிலிருந்து 100 முதல் 110 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். தரையில் பாயில் இருப்பவருடையது ஏறத்தாழ 75. சாப்பாட்டுக் கதிரையில் இருப்பவருடையது 115 முதல் 120. திரையின் நடுப்புள்ளி 110 சென்ரிமீற்றரை ஒட்டி, அதாவது மூன்றரை அடிக்குச் சற்று மேலே, அமைந்தால் மூன்று வகையாருக்கும் பொருந்தும். 50 அங்குலத் திரையின் உயரம் 62 சென்ரிமீற்றர் என்பதால் அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியளவில் வரும். பார்க்கும்போது இது மிகவும் தாழ்வாகத் தோன்றும், மேசனும் ஓடாவியும் இன்னும் உயர்த்தச் சொல்வார்கள், தயவுசெய்து உயர்த்தாதீர்கள். சாய்மனைக் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்து பார்ப்பவருக்கு மட்டும் சற்று உயரமான திரை இதமாக இருக்கும். அதற்காக எல்லோருக்கும் உயர்த்துவதைவிட, அவருடைய கதிரையை ஓரிரண்டு அடி பின்னே தள்ளிப்போடலாம். தவழும் பிள்ளை உள்ள வீட்டில், மேசைமேல் வைக்கும் திரையை ஒரு பட்டியால் சுவரோடு கட்டிவிடுவது கட்டாயம்.

திறந்த ஹோலில் எல்லோரும் நேரெதிரே இருந்து பார்ப்பதில்லை. ஆகவே வாங்கும் திரையின் வகையும் இடத்தைத் தீர்மானிக்கிறது. எல்இடி திரைகளில் விஏ என்ற வகை, நேரே பார்க்கும்போது நல்ல கருமையைத் தரும், பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிறிவிடும். ஐபிஎஸ் வகையும் ஓஎல்இடி திரையும் பக்கப் பார்வையில் நிறத்தைக் காப்பாற்றுகின்றன. குசினியில் நின்றும் பார்க்க வேண்டுமென்றால் கடையில் திரையின் பக்கவாட்டில் ஐந்தாறு அடி விலகி நின்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

இந்த விதிகளை ஒரு வீட்டில் பொருத்திப் பார்ப்போம். ஹோல் கிழக்கு மேற்காக 28 அடி நீளம், 16 அடி அகலம். முன்கதவு கிழக்கில். வடகிழக்கு மூலையில் 6 அடி அகலத்தில் சாமியறை. தெற்குச் சுவரின் மேற்குப் பாதியில் இரண்டு படுக்கையறைக் கதவுகள், வடக்குச் சுவரில் இரண்டு யன்னல்கள், மேற்குக் கோடியில் சாப்பாட்டு மேசையும் குசினியும், அவற்றுக்கு அப்பால் பின்விறாந்தை. வீட்டார் முதலில் நினைத்தது தெற்குச் சுவரை. அதில் திரை வைத்தால் வடக்கு யன்னல்கள் இரண்டும் அதில் தெரியும். முன்கதவிலிருந்து குசினிக்குப் போகும் பாதையும் நடுவே குறுக்கிடும். வடக்குச் சுவரில் வைத்தால் இரண்டு யன்னல்களின் ஒளிக்கு நடுவே திரை மங்கும். மிஞ்சுவது, முன்கதவுக்குத் தெற்கே இருக்கும் ஆறடிக் கிழக்குச் சுவர். யாரும் அதை முதலில் கவனிப்பதில்லை. அங்கே யன்னல்கள் திரைக்குச் செங்குத்தாக இருக்கின்றன. மேற்கு வெயிலைப் பின்விறாந்தையின் கூரை தடுக்கிறது. வீதியால் போகிறவருக்குத் திரை தெரியாது, ஆனால் செற்றியில் இருப்பவருக்குப் படலையைத் திறந்து வருபவர் தெரிவார். நடைபாதை வடக்குப் பக்கமாகவே ஓடுவதால் பார்வையை யாரும் மறைப்பதில்லை. தெற்குச் சுவர் சடங்குகளுக்கு வெறுமையாக நிற்கிறது.

ஆனால் முன்வாசல் இரட்டைக் கதவின் ஒரு பலகை முழுவதும் விரிந்து திறந்தால் அந்தச் சுவரில் 2 அடியை மூடிவிடும், மிச்சம் 4 அடிதான். 55 அங்குலத் திரையின் அகலமும் சரியாக 4 அடி. அது கதவோடு இடிபடும். 50 அங்குலத் திரை 111 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய 3 அடி 8 அங்குலம், அது அடங்கும். செற்றியை ஏழரை அடி தூரத்தில் போட்டால் கணக்கு எல்லாம் பொருந்திவிடும். கதவின் அகலத்தை அளக்கிறவர்கள் அது திறந்து கிடக்கும் இடத்தை அளக்க மறப்பதால் சொல்கிறேன்.

சுவரே அகப்படாத ஹோல்களும் உண்டு. அங்கே ஹோலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே நிற்கும் கொங்கிறீற் தூணில், திருப்பக்கூடிய கைபோன்ற தாங்கியைப் பூட்டலாம்; பகலில் செற்றிப் பக்கமும் இரவில் மேசைப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். கை நீளும்போது ஆணிகளில் இழுவிசை பல மடங்கு கூடும் என்பதால் இப்படியான தாங்கியைப் பொள்ளற் கல்லில் கட்டிய சுவரில் பூட்ட வேண்டாம். சாதாரணச் சீமெந்துக்கற் சுவரில், அசையாத தாங்கிக்கு, 8 அல்லது 10 மில்லிமீற்றர் றோல் பிளக் (ஆணியை இறுக்கிப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை) போதும்; துளை கல்லின் நடுவில் விழ வேண்டும், இரண்டு கற்களுக்கு இடையிலுள்ள சாந்தில் விழக்கூடாது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கற்சுவராக இருந்தால் துளையிடும்போது சாந்து உதிர்ந்து துளை பெருத்துவிடும். அந்தச் சுவருக்கு ஆணியைவிட, தரையில் நிற்கும் ஒரு நல்ல மரமேசையே பொருத்தமானது. பழைய சுவரைக் காயப்படுத்தாமல் விடுவதிலும் எனக்கு ஒரு திருப்தி உண்டு.

வாடைக்காற்றோடு மழை அடிக்கும் மாதங்களில் விறாந்தை இல்லாத வடக்கு, கிழக்கு வெளிச்சுவர்கள் ஈரம் இழுக்கும். வர்ணம் கொப்புளித்த அடையாளம் தெரிந்தால் அந்தச் சுவர் வேண்டாம். குருநகர், பாசையூர், வல்வெட்டித்துறை போன்று கடலை அண்டிய இடங்களில், கடற்காற்று வீசும் யன்னலுக்கு நேராகத் திரையை வைத்தால் உப்புக்காற்று பின்புற இணைப்புகளை விரைவில் அரித்துவிடும். எந்தச் சுவராக இருந்தாலும் பின்னால் ஓரிரு அங்குல இடைவெளி விட்டு மாட்டுங்கள். சூடு வெளியேற இடம் கிடைக்கும். பல்லி குடியேறியதையும் எறும்பு வரிசையையும் காலத்தோடு கண்டு துடைக்கவும் முடியும். குசினி அடுப்புக்கு நேரெதிரே வைப்பதையும் தவிருங்கள். மிளகாய் வறுக்கும் புகையும் பொரியல் எண்ணெயும் திரையில் மெல்லிய பிசுக்காகப் படியும். அதை நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும்.

சாமியறையோடு பொதுவாக உள்ள சுவரில் துளையிடுவதைப் பலர் விரும்புவதில்லை, அதை மதிக்க வேண்டும். திரையைப் பார்த்தபடி தரையில் கால் நீட்டினால் கால்கள் சாமியறை வாசலை நோக்குமா என்பதையும் வீட்டில் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன வீட்டில் சாமியறை கதவுக்கு மறுபுறம் இருந்ததால் இந்தச் சிக்கல் எழவில்லை.

மின்சார வேலையில், திரைக்குப் பின்னால் மறையும் உயரத்தில் 13 அம்பியர் சொக்கெட் இரண்டும், அங்கிருந்து கீழே மேசை மட்டத்துக்கு 2 அங்குலக் குழாய் ஒன்றும் சுவருக்குள் வையுங்கள். ஓர் அங்குலக் குழாயில் எச்டிஎம்ஐ வயரின் தலை வளைவுகளில் சிக்கிக்கொள்ளும். இணைய ரவுட்டர் முன்விறாந்தைப் பக்கம் இருந்து, நடுவே தடித்த சுவர் வந்தால் வைஃபையை நம்பாமல் ஒரு வலையமைப்பு வயரையும் அதே குழாயால் இழுத்துவிடலாம். ஆளியும் பிளக்கும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கத் தொடங்குமுன்பே பிளக்கையும் அன்ரனா அல்லது கேபிள் வயரையும் கழற்றிவிட வேண்டும். ஆளியை மட்டும் நிறுத்துவது மின்னலிலிருந்து காப்பாற்றாது. மாபிள் பதித்த திறந்த ஹோலில் ஒலி எதிரொலிக்கும். செற்றிக்குக் கீழே ஒரு விரிப்பும் யன்னலுக்குத் தடித்த சீலையும் போட்டால், சத்தத்தைக் கூட்டாமலே பேச்சுத் தெளிவாகும்.

எல்லாம் தீர்மானித்த பிறகும் உடனே துளையிட வேண்டாம். வாங்கவிருக்கும் திரையின் அளவில் ஒரு மட்டையை வெட்டி, தீர்மானித்த உயரத்தில் ஒட்டி, ஒரு கிழமை விட்டுவையுங்கள். கதவு இடிக்கிறதா, அம்மாவின் கதிரையிலிருந்து முழுவதும் தெரிகிறதா, சாப்பாட்டு மேசையில் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் தலை மறைக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கிழமைக்குள் தானாகத் தெரிந்துவிடும். வீடு கட்டும் நிலையில் இருந்தால், குழாய்கள் பதித்து முடிந்ததும் சாந்து பூசுவதற்கு முன், அளவுநாடாவைச் சுவரோடு பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு எந்த இடத்தில் துளையிட்டாலும், உள்ளே வயர் ஓடும் இடம் எது என்று பார்த்து விலக்கிக்கொள்ள அந்தப் படம் உதவும்.